குழந்தையின் மூச்சுக்குழலில் டியூப் வைக்க எந்த மயக்க மருந்து? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகளுக்கு மயக்கம் கொடுப்பதுதான் என் வேலை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் பெற்றோர் கேட்கும் கேள்விகளும், மயக்கவியல் படிக்க வந்திருக்கும் இளம் மருத்துவர்களும் தியேட்டர் செவிலியர்களும் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுதான். சொற்கள்தான் வேறு. அதனால் எல்லோருக்கும் சேர்த்தே இங்கே பதில் எழுதுகிறேன். கணக்குப் புரிவதற்காக ஒரு பையனைக் கூடவே வைத்துக்கொள்வோம்: நாலு வயது, 16 கிலோ, டான்சில் எடுக்க வேண்டும். நான் சொல்லும் அளவுகள் விஷயம் விளங்குவதற்காக. உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை அன்று பக்கத்தில் நிற்கும் மயக்க மருத்துவர்தான் முடிவு செய்வார்.

டியூப் எதற்கு? மயக்கம் மட்டும் கொடுத்தால் போதாதா?

பல சின்ன ஆபரேஷன்களுக்குப் போதும். முகத்தில் மாஸ்க் வைத்தோ, குரல்வளைக்கு மேலே உட்காரும் எல்.எம்.ஏ. என்ற கருவியை வைத்தோ முடித்துவிடலாம். டான்சில் அப்படியில்லை. அறுவை நடக்கும் இடமே மூச்சு போகிற வழி. ரத்தம் வழியும் இடமும் அதுதான். அந்த ரத்தம் நுரையீரலுக்குள் இறங்காமல் இருக்கவும், ஆக்சிஜன் தடையில்லாமல் போகவும் மூச்சுக்குழலுக்குள்ளேயே ஒரு டியூப் இருப்பது நல்லது.

நம் பையனுக்கு நாலரை அளவு டியூப். பலூன் உள்ள டியூபுக்கு வயதை நாலால் வகுத்து மூன்றரையைக் கூட்டுவோம். எவ்வளவு ஆழம் என்றால், வயதில் பாதியோடு 12-ஐக் கூட்ட வேண்டும்: உதட்டோரத்தில் 14 செ.மீ. இது கணக்கு மட்டும்தான். அரை அளவு சிறியது ஒன்றும் பெரியது ஒன்றும் பிரிக்காமல் தலைமாட்டில் எப்போதும் இருக்கும்.

பெரியவர்களுக்குக் கொடுப்பதையே எடை பார்த்துக் குறைத்துக் கொடுத்தால் ஆகாதா?

ஆகாது. மொத்த அளவு குறையும், ஆனால் கிலோவுக்குக் கணக்குப் போட்டால் குழந்தைக்குப் பல மருந்துகள் கூடுதலாகவே வேண்டும். ப்ரோபோஃபால் என்ற மயக்க ஊசி மருந்து பெரியவருக்குக் கிலோவுக்கு 2 மி.கி. பக்கம் போதும், குழந்தைக்கு 2.5 முதல் 3.5 வரை ஆகும். செவோஃப்ளூரேன் என்ற வாயுவும் அப்படித்தான். கத்தி பட்டால் பாதிப் பேர் அசையாமல் இருக்கத் தேவையான அளவு என்று ஒரு அளவுகோல் உண்டு. அது பெரியவர்களுக்கு 2 சதவீதம், நாலு வயதில் 2.5, பிறந்த குழந்தைக்கு 3.3.

அதைவிட முக்கியம் நேரம். கைக்குழந்தை உடம்பு கிலோவுக்கு நிமிடத்துக்கு 6 மி.லி.க்கு மேல் ஆக்சிஜன் செலவழிக்கிறது, பெரியவர் உடம்பு அதில் பாதிதான். செலவு இரட்டிப்பு, நுரையீரலில் இருப்போ கம்மி. ஆக்சிஜனை நன்றாக நிரப்பிவிட்டு மூச்சை நிறுத்தினால், பதின்ம வயதுப் பிள்ளைக்கு ரத்த ஆக்சிஜன் 90 சதவீதத்துக்கு இறங்க ஏறக்குறைய ஆறு நிமிடம் ஆகும். நம் நாலு வயதுப் பையனுக்கு இரண்டரை நிமிடம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ஒன்றரை நிமிடம்தான். அதுவும் மாஸ்க்கைச் சரியாகப் பிடித்து நிரப்பியிருந்தால்.

அந்த நேரத்துக்குள் வாயைத் திறந்து, பெரிய நாக்கை ஒதுக்கி, மேலே தூக்கலாக இருக்கும் குரல்வளையைப் பார்த்து, டியூபை நுழைக்க வேண்டும். எந்த மருந்தைத் தேர்ந்தெடுத்தாலும் அது இந்த ஒன்றரை, இரண்டரை நிமிடத்தை நமக்குச் சாதகமாக ஆக்கித் தர வேண்டும். நான் மருந்தைப் பார்க்கும் பார்வையே இதுதான்.

"டாக்டர், மருந்தைக் கொஞ்சமா குடுங்க, பிள்ளை தாங்கமாட்டான்." இப்படிக் கேட்கலாமா?

தாராளமாகக் கேளுங்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் டியூப் வைக்கும் நேரத்தில் ஆபத்து பெரும்பாலும் மருந்து குறைவதால்தான் வருகிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

முழுதாக விழித்திருக்கும் குழந்தை தன் மூச்சைத் தானே காத்துக்கொள்ளும். முழுதாக மயங்கிய குழந்தையின் மூச்சை நாங்கள் காக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு அரை மயக்கம் இருக்கிறதே, அங்கே யாருடைய காவலும் இல்லை. அந்த நேரத்தில் குரல்நாண்களில் ஏதாவது பட்டால், அது டியூபின் நுனியாக இருக்கட்டும், ஒரு சொட்டு எச்சிலாக இருக்கட்டும், இரண்டு நாண்களும் இறுக மூடிக்கொள்ளும். இதை லாரிங்கோஸ்பாசம் என்போம். நெஞ்சு மேலும் கீழும் இழுக்கும், காற்று மட்டும் உள்ளே போகாது.

நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் இதை முதன்முதலில் என் கையிலேயே பார்த்தேன். மூன்று வயதுப் பெண் குழந்தை. கண் மூடிவிட்டது, கை தளர்ந்துவிட்டது, சரி, தூங்கிவிட்டாள் என்று நினைத்து, நாக்கைத் தூக்கிக் குரல்வளையைப் பார்க்கும் கருவியான லாரிங்கோஸ்கோப்பை வாயில் வைத்தேன். தொண்டையின் ஆழத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை நெருங்கி ஒட்டிக்கொண்டன. மானிட்டரின் 'பீப்' சத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு படி இறங்கியது. ஆக்சிஜன் குறையக் குறைய அந்த ஒலியின் சுருதியும் இறங்கும். என் சீனியர் ஒரு வார்த்தை பேசவில்லை. மாஸ்க்கை வாங்கி இறுக்கி வைத்து, பையை அழுத்தியபடியே கொஞ்சம் ப்ரோபோஃபால் தள்ளச் சொன்னார். அரை நிமிடத்தில் நாண்கள் விட்டன. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "தூங்கினது வேற, ஆழமா போனது வேற."

அன்றிலிருந்து கண் மூடுவதை நான் அடையாளமாக எடுத்துக்கொள்வதே இல்லை. கண்ணின் பாவை சுருங்கி நடுவில் நிலைத்திருக்கிறதா, வயிற்று மூச்சு சீராக இருக்கிறதா, தாடையைத் தூக்கினால் முகம் சுளிக்கிறதா என்று பார்ப்பேன்.

ஐரோப்பாவில் 33 நாடுகளின் 261 மருத்துவமனைகளில் குழந்தைகளுக்குக் கொடுத்த 31,000-க்கும் மேற்பட்ட மயக்கங்களைக் கவனித்து 2017-இல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. அதன் பெயர் ஆப்ரிகாட். கடுமையான சிக்கல் வந்தது நூற்றுக்கு ஐந்து பேர் சொச்சம். அதில் பெரும்பங்கு மூச்சு சம்பந்தப்பட்டது. வயது குறையக் குறைய ஆபத்து ஏறியது, மருத்துவரின் குழந்தை மயக்க அனுபவம் கூடக் கூட அது இறங்கியது. அதனால் "யார் கொடுக்கிறார்கள், எவ்வளவு நாளாகக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள்?" என்று பெற்றோர் கேட்பது நல்ல கேள்வி. "எவ்வளவு மருந்து?" என்பதைவிட நல்ல கேள்வி.

கையில் ஊசியா, முகத்தில் மாஸ்க்கா?

இரண்டும் சரியான வழிதான். பிள்ளை ஊசிக்குப் பயந்து அலறினால் மாஸ்க். கையில் ஏற்கெனவே ட்ரிப்ஸ் ஊசி இருந்தால், அல்லது மரத்துப்போகச் செய்யும் கிரீமை ஒரு மணி நேரம் முன்பே தடவி வைத்திருந்தால், ஊசி.

மாஸ்க் வழி என்றால் இன்று செவோஃப்ளூரேன். மூக்கை எரிக்காது, இருமல் கிளப்பாது, ஐசோஃப்ளூரேன் மாதிரிக் கார நெடி இல்லை. அதற்கு முன் பல பத்தாண்டுகள் ஹாலோத்தேன்தான் ஆண்டுகொண்டிருந்தது. 1956-இல் பயன்பாட்டுக்கு வந்த மருந்து. எனக்குச் சொல்லிக்கொடுத்த தலைமுறை முழுக்க அதில் கை பழகியவர்கள். ஹாலோத்தேனில் இதயத் துடிப்பு தாறுமாறாகும், துடிப்பின் வலு குறையும், அபூர்வமாகக் கல்லீரலும் கெடும். செவோ 1990-இல் ஜப்பானில் புழக்கத்துக்கு வந்த பிறகு அதன் காலம் முடியத் தொடங்கியது.

செவோவில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் கண் மூடிவிடும், அதைப் பார்த்து நாம் ஏமாந்துவிடுவோம். செவோவை மட்டும் நம்பி டியூப் வைக்கும் ஆழத்துக்குப் போகச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். அதனால் பெரும்பாலும் செவோவில் தூங்கவைத்து, உடனே கையில் ஊசி போட்டு, மீதி ஆழத்தை நரம்பு வழி மருந்தால் எட்டுகிறோம்.

பால் மாதிரி வெள்ளையாக ஒன்று போடுகிறார்களே, அது என்ன?

அதுதான் ப்ரோபோஃபால். தண்ணீரில் கரையாத மருந்து, சோயா எண்ணெயிலும் முட்டை லெசித்தினிலும் கலந்து வருவதால் அந்த வெள்ளை. நம் பையனுக்குக் கிலோவுக்கு 3 மி.கி. என்றால் 48 மி.கி., ஊசியில் கிட்டத்தட்ட ஐந்து மி.லி. டியூப் வைப்பதற்கு இதில் எனக்குப் பிடித்த குணம், மற்ற மயக்க ஊசிகளைவிடத் தொண்டையின் அனிச்சைகளை நன்றாக அடக்கும் என்பதுதான். மேலே சொன்ன இறுக்கத்தை விடுவிக்கவும் கிலோவுக்கு அரை முதல் ஒரு மி.கி. வரை இதையே கொடுக்கிறோம்.

குறைகளும் உண்டு. நரம்பில் ஏறும்போது சுரீரென்று வலிக்கும், அதனால் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் கொஞ்சம் சேர்ப்போம். ரத்த அழுத்தத்தை இறக்கும். வாந்திபேதியில் வாடிய குழந்தை, ரத்தம் இழந்த குழந்தை, இதயக் கோளாறுள்ள குழந்தைக்கு யோசித்துத்தான் தொட வேண்டும்.

முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். முட்டை ஒவ்வாமை பெரும்பாலும் வெள்ளைக்கருவின் புரதத்துக்கு வருவது. இந்த மருந்தில் இருப்பது மஞ்சள்கருவிலிருந்து எடுத்த லெசித்தின். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனாலும் எங்களிடம் சொல்லிவிடுங்கள். முட்டை பட்டு மூச்சுத்திணறும் அளவுக்குப் போன பிள்ளை என்றால் வேறு மருந்து பார்ப்போம்.

கெட்டமின் பழைய மருந்து அல்லவா? இன்னும் ஏன்?

பழையதுதான். 1964-இல் அமெரிக்காவில் மனிதருக்கு முதன்முதலில் கொடுத்துப் பார்த்தார்கள். ஆனால் உடம்பு தளர்ந்துபோன குழந்தைக்கு அதுபோல ஒரு துணை கிடையாது. ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும், மூச்சைப் பெரும்பாலும் நிறுத்தாது, இழுப்புள்ள குழந்தையின் மூச்சுக்கிளைகளைக் கொஞ்சம் விரிக்கும், வலியையும் தீர்க்கும். நரம்பு கிடைக்காவிட்டால் தசையில்கூடப் போடலாம். நரம்பு வழியில் கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி., தசையில் 4 முதல் 5.

டான்சிலுக்கு ஏன் இதை எடுப்பதில்லை? வாயில் நீர் ஊற வைக்கும், தொண்டை அனிச்சைகளை அப்படியே விட்டுவைக்கும். டியூப் போக வேண்டிய இடத்தில் இந்த இரண்டும் தொந்தரவு. கெட்டமின் கொடுத்தால் கூடவே தசை தளர்த்தியும் கொடுத்துவிடுவேன், நீர் சுரப்பைக் குறைக்கக் கிளைக்கோபைரோலேட்டும் சேர்ப்பேன்.

தசை தளர்த்தும் மருந்து கண்டிப்பாக வேண்டுமா? சிலர் இல்லாமலே வைக்கிறார்களே?

மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு அதிகம் உள்ள இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1942-இல் கனடாவின் மாண்ட்ரியலில் கியூரேர் என்ற தளர்த்தியை ஆபரேஷன் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பெல்லாம் தளர்வு வேண்டுமென்றால் மயக்கத்தையே மிக ஆழமாக்க வேண்டியிருந்தது. தளர்த்தி வந்ததும் வேலை பிரிந்தது: தூக்கத்துக்கு ஒரு மருந்து, வலிக்கு ஒரு மருந்து, தளர்வுக்கு ஒரு மருந்து. ஒவ்வொன்றும் அளவோடு.

இல்லாமல் வைப்பதற்கு இரண்டு வழிகள். ஒன்று, செவோவில் மிக ஆழமாகப் போவது. மற்றொன்று, ப்ரோபோஃபாலைத் தாராளமாகக் கொடுத்து ரெமிஃபென்டானில் போன்ற வீரியமான வலிமருந்தைச் சேர்ப்பது. கை பழகியவர்கள் அழகாகச் செய்கிறார்கள். ஆபரேஷன் கால் மணி நேரம்தான் என்றால் தளர்த்தியின் வேகம் தீர்வதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்.

ஆனால் ஆழம் என்பது இலவசமாகக் கிடைப்பதில்லை. அந்த அளவு ப்ரோபோஃபாலும் வலிமருந்தும் ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் இழுத்துக்கொண்டு போகும். ஆய்வுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் தளர்த்தி கொடுத்த குழந்தைகளில் டியூப் வைக்கும் நிலை நன்றாக இருப்பது தெரிகிறது. நாண்கள் அகலத் திறந்து அசையாமல் நிற்கும், வாய் எளிதாகத் திறக்கும், இருமல் வராது. முதல் முயற்சியிலேயே டியூப் உள்ளே போவதுதான் குழந்தைக்கு நல்லது. இரண்டாவது, மூன்றாவது முறை முயலும்போது வீக்கமும் ரத்தமும் வந்து எல்லாமே கடினமாகிக்கொண்டு போகும். என் முடிவு இது: வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் இருந்தால் ஒழிய, தளர்த்தி கொடுப்பேன். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் இன்னும் உறுதியாகக் கொடுப்பேன்.

நம் பையனுக்கு அட்ராகுரியம், கிலோவுக்கு அரை மி.கி., மொத்தம் 8 மி.கி. ஊசியைத் தள்ளியதும் லாரிங்கோஸ்கோப்பை எடுக்கக் கூடாது. இரண்டு மூன்று நிமிடம் மாஸ்க்கில் மூச்சு கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். இளம் மருத்துவர்களுக்கு மிகக் கஷ்டமான நிமிடங்கள் இவை. சர்ஜன் கை கழுவிவிட்டு வந்து நிற்பார், எல்லோரும் உங்களையே பார்ப்பார்கள். பார்க்கட்டும். பையைப் பிடித்திருக்கும் கையில் நெஞ்சு மெத்தென்று இறங்குவது தெரியும். அதற்குப் பிறகு பாருங்கள்.

அட்ராகுரியத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது பெரிதும் உடம்பின் சூட்டிலும் காரத்தன்மையிலும் தானே சிதைந்துவிடும், கல்லீரல், சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று காத்திருக்காது. ஹிஸ்டமின் என்ற ரசாயனம் உடம்பில் வெளிவருவதால் நெஞ்சு சிவக்கலாம், இழுப்புள்ள பிள்ளைக்கு வெக்குரோனியம் போல வேறொன்றை எடுப்பேன்.

ஒன்றை மறக்கக் கூடாது. தளர்த்தி தூக்க மருந்து அல்ல, வலி மருந்தும் அல்ல. அதை மட்டும் கொடுத்தால் குழந்தை எல்லாவற்றையும் உணர்ந்துகொண்டு, அசைய முடியாமல் கிடக்கும். தூங்கவைத்த பிறகே தளர்த்தி, அந்த வரிசை மாறவே கூடாது.

ஸ்கோலின் பற்றிப் பயமாகச் சொல்கிறார்களே?

சக்சாமெத்தோனியத்தைத் தியேட்டரில் ஸ்கோலின் என்றுதான் சொல்வோம். ஒரு நிமிடத்துக்குள் முழுத் தளர்வு, சில நிமிடங்களில் தானே விட்டுவிடும். இவ்வளவு வேகமாக வந்து இவ்வளவு வேகமாகப் போகும் தளர்த்தி வேறு கிடையாது. அவசரத்தில் உயிர் காக்கும் மருந்து. ஆனால் குழந்தைகளிடம் மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, மறைந்திருக்கும் தசைநோய். டுஷேன் தசைச்சிதைவு உள்ள பையன் மூன்று நாலு வயதில் பார்ப்பதற்கு ஆரோக்கியமாகவே இருப்பான். அவனுக்கு ஸ்கோலின் போட்டால் தசைகளிலிருந்து பொட்டாசியம் குபுக்கென்று ரத்தத்தில் கொட்டி இதயத்தை நிறுத்திவிடலாம். இப்படிச் சில மரணங்கள் நடந்த பிறகு, 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மருந்தின் உறையிலேயே கட்டம் கட்டிய எச்சரிக்கையைச் சேர்த்தது. குழந்தைகளுக்கு அவசர நிலைக்கு மட்டும் ஒதுக்கி வைக்கச் சொன்னது. அப்படி இதயம் நின்றால் முதலில் ஓட வேண்டியது கால்சியத்துக்கு. "பையன் எத்தனை மாதத்தில் நடந்தான், தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி எழுகிறானா, கெண்டைக்கால் பருத்திருக்கிறதா?" என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

இரண்டாவது, ஸ்கோலினைச் சிதைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. மற்றவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் விடும் தளர்வு இவர்களுக்கு மணிக்கணக்கில் நீடிக்கும். தென்னிந்தியாவில் ஆரிய வைசியச் சமூகத்தில் இந்தக் குறை மற்றவர்களைவிடக் கூடுதலாக இருப்பது பதிவாகியிருக்கிறது, கோயம்புத்தூரிலிருந்தும் அப்படி ஆய்வு வந்திருக்கிறது. இது யாருக்கும் இழுக்கு இல்லை, அன்றாட வாழ்க்கையில் இதனால் ஒரு தொந்தரவும் கிடையாது. ஆனால் "எங்க சித்தப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்தும் ரொம்ப நேரம் மூச்சு வரலை, மெஷினில் வைத்தார்கள்" என்று வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அப்படி ஆகிவிட்டாலும் மருந்து தானே தீரும்வரை தூங்கவைத்து வென்டிலேட்டரில் வைத்திருந்தால் குழந்தை நல்லபடியாக எழுந்துவிடும்.

மூன்றாவது, மலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா. பரம்பரையாக வருவது, மிக அபூர்வம். ஸ்கோலினும் செவோ போன்ற வாயுக்களும் இதைத் தூண்டும். தசைகள் விறைத்து, கரியமில வாயு ஏறி, உடம்பு தீயாய்க் கொதிக்கும். மாற்று மருந்து டான்ட்ரோலீன், கிலோவுக்கு 2.5 மி.கி.யில் தொடங்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது மயக்கத்தின்போது கடும் காய்ச்சல் வந்து ஆபத்தானது என்றால் வாயுவே தொடாமல் ப்ரோபோஃபாலிலேயே முழு மயக்கத்தையும் நடத்திவிடலாம்.

இவை போக, குழந்தைகளுக்கு ஸ்கோலின் இதயத் துடிப்பைக் குறைக்கும், குறிப்பாக இரண்டாவது முறை கொடுக்கும்போது. துடிப்பை ஏற்றும் அட்ரோபின் கிலோவுக்கு 0.02 மி.கி. எடுத்துத் தயாராக இருக்கும். இவ்வளவு சொன்ன பிறகும், ஒரு ஊசி ஸ்கோலின் இல்லாத தியேட்டரில் நான் குழந்தைக்கு மயக்கம் கொடுக்கமாட்டேன். எதற்கும் விடாத குரல்நாண் இறுக்கத்துக்குக் கடைசித் துணை அதுதான். நரம்பு கிடைக்காவிட்டால் தசையில் போட்டாலும் வேலை செய்யும், கிலோவுக்கு 4 மி.கி.

ஸ்கோலினுக்குப் பதிலாக ரோகுரோனியம் போதுமா?

பெரும்பாலும் போதும். கிலோவுக்கு 1.2 மி.கி. கொடுத்தால் ஒரு நிமிடத்தை ஒட்டி நல்ல தளர்வு வந்துவிடும். குறை என்னவென்றால் சீக்கிரம் விடாது. அந்தக் குறையைத் தீர்க்க வந்தது சுகமாடெக்ஸ். மூலக்கூறு ஒரு வளையல் மாதிரி, நடுவில் குழி. ரோகுரோனியத்தை ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே வைத்துப் பூட்டிவிடும். ஐரோப்பாவில் 2008-இலும் அமெரிக்காவில் 2015-இலும் அனுமதி பெற்றது. விலை அதிகம். வழக்கமான ஆபரேஷன்களுக்கு தளர்வை நீக்க நியோஸ்டிக்மினும் கிளைக்கோபைரோலேட்டும் சேர்ந்த பழைய முறையே போதும், தளர்வு விடத் தொடங்கிவிட்டதா என்று, தசை அசைகிறதா எனக் காட்டும் நரம்புத் தூண்டிக் கருவியை வைத்துப் பார்த்துக் கொடுத்தால்.

தூங்கின பிள்ளைக்கு வலிமருந்து எதற்கு?

மூளை தூங்கினாலும் உடம்புக்குத் தெரியும். நாக்கைத் தூக்கி டியூபை நுழைக்கும்போது துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். அதை அடக்க ஃபென்டானில், கிலோவுக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம், மெதுவாக. சட்டென்று தள்ளினால் நெஞ்சுத்தசை விறைத்து மூச்சு கொடுக்க முடியாமல் போகலாம், பிறந்த குழந்தைகளில் குறிப்பாக.

பிறந்த குழந்தை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பச்சிளம் குழந்தைகளுக்கு எந்த மருந்தும் கொடுக்காமலே டியூப் வைத்த காலம் ஒன்று இருந்தது. குழந்தை அழும், நெளியும், இரண்டு பேர் பிடித்துக்கொள்வார்கள். அதற்கு வலி தெரியாது என்று நம்பினார்கள். தெரியும். பிறந்தவுடன் உயிர்ப்பிக்கும் அவசரம் தவிர மற்ற நேரங்களில் பச்சிளம் குழந்தைக்கும் வலிமருந்தும் அட்ரோபினும், தேவைப்பட்டால் தளர்த்தியும் கொடுத்துத்தான் டியூப் வைக்க வேண்டும் என்பது இன்றைய மருத்துவம். இந்த மாற்றத்துக்காகப் பேசியவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

லேசா சளி இருக்கு. ஆபரேஷனைத் தள்ளிப்போடணுமா?

தெளிந்த மூக்கு ஒழுகல் மட்டும், ஓடியாடிக்கொண்டு இருக்கிறான் என்றால் பெரும்பாலும் செய்துவிடலாம். காய்ச்சல், மஞ்சள் சளி, நெஞ்சில் கர்கர் சத்தம், சோர்வு இருந்தால் தள்ளிப்போடுங்கள், குணமாகி இரண்டு வாரமாவது போகட்டும். சளி பிடித்த மூச்சுவழி ஒன்றுமில்லாததற்கெல்லாம் இறுகும். கட்டாயம் செய்தே ஆக வேண்டும் என்றால் மருந்துத் தேர்வு மாறும்: மாஸ்க்கைவிட ஊசி வழியில் ப்ரோபோஃபால், இழுப்பு இருந்தால் மூச்சுக்கிளைகளை விரிக்கும் சால்பூட்டமால் முன்பே. வீட்டில் யாராவது புகை பிடிப்பவர் இருந்தாலும் இந்த ஆபத்து கூடும். அப்பாக்கள் இதைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். குனிய வேண்டாம், சொன்னால் போதும்.

பட்டினி போடச் சொல்வது எதற்கு? தண்ணீர்கூடக் கூடாதா?

வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலில் போகாமல் இருக்கத்தான். சாப்பாடு, பசும்பால் ஆறு மணி நேரம், தாய்ப்பால் நாலு மணி நேரம், தெளிந்த தண்ணீர் இரண்டு மணி நேரம். ஐரோப்பாவில் இப்போது தண்ணீரை ஒரு மணி நேரம் முன்புவரைகூட அனுமதிக்கிறார்கள். முந்தின இரவிலிருந்தே பட்டினி போட வேண்டாம், வாடின குழந்தைக்கு ப்ரோபோஃபால் கொடுத்தால் ரத்த அழுத்தம் இன்னும் இறங்கும். "ஒரே ஒரு பிஸ்கட்தான் குடுத்தேன்" என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், திட்டமாட்டோம்.

குடல் அடைபட்ட குழந்தை, குடல்வால் வெடித்த குழந்தை போன்றவர்களுக்கு வயிறு எப்போதும் நிறைந்ததாகவே கணக்கு. வேகமான தளர்த்தி வேண்டும். ஆனால் பெரியவர்களைப் போல மூச்சே கொடுக்காமல் காத்திருக்க முடியாது, அந்த ஒன்றரை நிமிடக் கணக்கு நினைவிருக்கிறதல்லவா? மெல்ல, குறைந்த அழுத்தத்தில் மூச்சு கொடுத்துக்கொண்டே போவோம்.

தளர்த்தியை நீங்களே தவிர்க்கும் குழந்தை யார்?

வேர்க்கடலையோ புளியங்கொட்டையோ மூச்சுக்குழலில் மாட்டிய குழந்தை. தானாக இழுக்கும் மூச்சை நிறுத்திவிட்டு நாம் அழுத்திக் கொடுத்தால் அது இன்னும் உள்ளே போய் அடைக்கலாம் என்ற பயம் உண்டு. பலர் செவோவிலோ ப்ரோபோஃபாலிலோ தன் மூச்சிலேயே வைத்து, நாண்களில் லிக்னோகெய்ன் தெளித்துக்கொண்டு செய்வார்கள். அப்புறம், தாடை சிறுத்துப் பிறந்த குழந்தை, வாய் திறக்க முடியாத குழந்தை, நெஞ்சுக்குள் பெரிய கட்டியுள்ள குழந்தை. மாஸ்க்கில் மூச்சு கொடுக்க முடியும் என்று உறுதியாகும்வரை இவர்கள் மூச்சை நான் நிறுத்தமாட்டேன். ஆனால் இங்கேயும் அரை மயக்கம் ஆகாது. தன் மூச்சும் இருக்க வேண்டும், ஆழமும் இருக்க வேண்டும். மயக்கவியலில் கை நடுங்கக் கற்றுக்கொள்ளும் வேலை இதுதான்.

மயக்க மருந்து மூளையைப் பாதிக்குமா?

மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், அல்லது திரும்பத் திரும்ப, மயக்கம் கொடுப்பது பற்றி 2016 டிசம்பரில் எஃப்.டி.ஏ. எச்சரிக்கை கொடுத்தது. அதற்கு அடிப்படை பெரும்பாலும் விலங்கு ஆய்வுகள். பிறகு ஏழு நாடுகளில் 722 கைக்குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், ஒரு மணி நேரத்துக்குக் குறைவாகச் செவோ மயக்கம் பெற்றவர்களுக்கும், விழித்தபடியே இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யப்பட்டவர்களுக்கும் ஐந்து வயதில் அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை. டான்சில் போன்ற சின்ன ஆபரேஷனை இந்தப் பயத்துக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

தியேட்டருக்குப் போவதற்கு முன் நாங்கள் என்னென்ன சொல்ல வேண்டும்?

கடைசியாக என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்கு. இரண்டு வாரத்தில் சளி, காய்ச்சல், தடுப்பூசி. இழுப்பு, இன்ஹேலர். தூக்கத்தில் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறதா, ஏனென்றால் அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஃபென்டானிலைக் குறைப்பேன். குறைமாதத்தில் பிறந்தானா, பிறந்தபோது டியூபில் இருந்தானா, இருந்தால் இப்போது சிறிய டியூப் தேவைப்படலாம். குடும்பத்தில் யாருக்காவது மயக்கத்தில் தொந்தரவு வந்ததா. அப்பா அம்மா சொந்தத்துக்குள் கல்யாணமா என்றும் கேட்பேன், பரம்பரை நோய்களுக்காகத்தான்.

பால் பல் ஏதாவது ஆடுகிறதா என்று வீட்டிலேயே விரலை வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். நாலு வயதில் அபூர்வம், ஆறு வயதில் பெரும்பாலும் ஒன்று ஆடும். லாரிங்கோஸ்கோப் பட்டு அது விழுந்து மூச்சுக்குழலில் போய்விடக் கூடாது. ரொம்ப ஆடினால் உங்களிடம் கேட்டுக்கொண்டு, பிள்ளை தூங்கின பிறகு நாங்களே எடுத்து, ஒரு சின்னப் பஞ்சில் சுற்றி உங்கள் கையில் கொடுத்துவிடுவோம்.